அப்பா கால்ல ஒரு கோடு

தாண்டல. இன்னும் தாண்டல. மணி பன்னெண்டே கால், கோடு போட்டு முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு, சிவப்பு இன்னும் கோட்டுக்கு உள்ளதான் நிக்குது, நான் கண்ணைச் சிமிட்டாம பாத்துக்கிட்டு இருக்கேன், சிமிட்டுற நேரத்துல தாண்டிருச்சுன்னா என்ன பண்றது, அது என்ன டவுன் பஸ்ஸா, பின்னாடியே ஓடிப்போய் ஏறிக்கிறதுக்கு. அப்பாவோட வலது பாதம். சுண்டுவிரல்கிட்ட ஆரம்பிச்சு, பாதத்து மேல ஏறி, கணுக்காலுக்கு நாலு விரல் கீழ ஒரு வளைவு எடுத்து, உள்பக்கமா இறங்கி, கட்டைவிரல்கிட்ட வந்து முடியுது, நீல பால் பாயிண்ட் பேனாக் கோடு. டாக்டரம்மா போட்டது. உள்ள பூரா சிவப்பு, தொட்டா சூடு, சார்ஜ்ல போட்டு மறந்துபோன போன் மாதிரி ஒரு சூடு. "மூணு மணி வரைக்கும் இது இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா வேகமா பரவுற வகைன்னு அர்த்தம். மூன்றரை போட்ல போர்ட் பிளேருக்கு அனுப்பிருவேன், அங்கதான் சர்ஜன் இருக்காங்க"ன்னு சொன்னாங்க. சர்ஜன் எதுக்குன்னு அம்மா கேட்டுச்சு. டாக்டரம்மா அம்மாவைப் பாக்காம என்னைப் பாத்து, "விரலைக் காப்பாத்த முடியலைன்னா எடுக்கணும். லேட்டாச்சுன்னா விரலோட நிக்காது"ன்னாங்க. என்னை ஏன் பாக்கணும்? வாழ்க்கையில யாருமே முக்கியமான விஷயத்தை என்னைப் பாத்து சொன்னது கிடையாது. ஹோட்டல்ல பில்லைக் கூட எனக்கு முன்னாடி வைக்க மாட்டாங்க. இப்போ ஒரு காலையே எனக்கு முன்னாடி வச்சுட்டுப் போயிட்டாங்க. பாரு, பாத்துக்கிட்டே இருன்னு.

தீவு ஆஸ்பத்திரி. ஆறு கட்டில், அதுல நாலு காலி. ஜன்னலுக்கு வெளிய தென்னை, தென்னைக்குப் பின்னாடி கடல், காலண்டர்ல வர்ற மாதிரி அப்படியொரு பச்சை, அதைப் பாக்கத்தான் ரெண்டாயிரம் கிலோமீட்டர் வந்தோம், இப்போ அதுக்கு முதுகைக் காட்டி உக்காந்து நான் எங்கப்பா காலைப் பாக்குறேன். ட்ரிப் சொட்டுது. அப்பா கண்ணை மூடிப் படுத்திருக்காரு, நெஞ்சுல துளசி மாலை, இடுப்புல கறுப்பு வேட்டி, முப்பத்தஞ்சு நாள் தாடி. ஐயப்பனுக்கு மாலை போட்டவரு. பதினெட்டாவது வருஷம். பதினெட்டு வருஷம் மலைக்குப் போனா குருசாமி, அந்த வருஷம் தென்னங்கன்னு கொண்டுபோய் வைப்பாங்க, எங்கப்பா போன ஆடியிலயே கன்னு சொல்லி வச்சுட்டாரு, என்னோட அட்மிஷனுக்குக் கூட இவ்வளவு முன்கூட்டி எதுவும் சொல்லி வைக்கல. திண்டுக்கல்ல தபால் ஆபீஸ் வேலை. குடும்பத்தோட பிளேன்ல அந்தமான் போயிட்டு வர கவர்மெண்ட் சலுகை, எல்.டி.சி, இந்த டிசம்பரோட காலாவதி. லீவு கிடைச்சது டிசம்பர் மூணாவது வாரம். மாலை போட்டது கார்த்திகை ஒண்ணு. ரெண்டையும் விட மனசில்ல. அதனால உலகத்துலயே மொத தடவையா ஒரு ஐயப்ப சாமி வெறுங்காலோட பீச் ரிசார்ட்டுக்கு வந்தாரு. ரிசப்ஷன்ல மாலையும் கையுமா ஒரு பொண்ணு வரவேற்க நின்னுச்சு, இவரு கழுத்துல ஏற்கெனவே மாலை, கிட்ட வராதீங்க சாமின்னு கும்பிட்டு ஒதுங்கினாரு. அது பயந்துபோய் அந்த மாலையையும் எனக்கே போட்டுருச்சு. எனக்கு ரெண்டு மாலை. ஏதோ எலெக்‌ஷன்ல ஜெயிச்சவன் மாதிரி நின்னேன்.

சாமின்னதும் ஞாபகம் வருது. மாலை போட்டவங்க எல்லாரையும் சாமின்னுதான் கூப்பிடணும், வாங்க போங்கன்னுதான் பேசணும், திட்டக் கூடாது, கோவப்படக் கூடாது. எங்க வீட்ல இதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. நான் மூணாவது வருஷம் மெக்கானிக்கல்ல இருந்து பாதியில எறங்கி வந்ததுல இருந்து எங்கப்பா எங்கிட்ட பேசறதில்ல. பதினோரு மாசம். எதுவா இருந்தாலும் அம்மா வழியாத்தான். "செண்பகம், மோட்டாரை நிறுத்தச் சொல்லு"ன்னுவாரு, நான் மோட்டார் சுவிட்ச் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருப்பேன். கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டுட்டு வீட்டுக்குள்ள வந்தாரு, என்னைப் பாத்தாரு, தொண்டையைச் செருமினாரு, "சாமி, கொஞ்சம் நகருங்க, டிவி மறைக்குது"ன்னாரு. பதினோரு மாசத்துல நேரடியா வந்த மொத வாக்கியம். எருமைன்னு கூப்பிட்ட வாயி. நான் விடுவேனா, "சாமி, தாராளமாப் பாருங்க சாமி, சாமிக்கு வால்யூம் போதுமா சாமி"ன்னேன். அம்மா சமையல் ரூம்ல முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு சிரிச்சுச்சு. அன்னையில இருந்து நாங்க பேசிக்கிறோம். ரெண்டு ஊர் தாசில்தார் பேசிக்கிற மாதிரி மரியாதையா. என் பேரு லோகேஸ்வரன், வீட்ல லோகு, இப்போ ரெண்டுமில்ல. மணி என்ன? பன்னெண்டு முப்பத்தெட்டு. சுண்டுவிரல் பக்கம், உள்ள. நடுவுல, உள்ள. கட்டைவிரல் பக்கம், உள்ள, ஆனா கோட்டை ஒட்டி நிக்குது, ஏண்டா ஒட்டி நிக்குற, தள்ளி நில்லு, காலேஜ் வாட்ச்மேன் எங்கிட்ட சொன்னதை நான் கிருமிகிட்ட சொல்றேன், தள்ளி நில்லு, உள்ள போ.

எல்லாம் என்னாலதான்னு சொல்ல முடியாது. என்னால இல்லைன்னும் சொல்ல முடியாது. அம்மா எவ்வளவு ஏற்பாட்டோட வந்துச்சு. ஒரு தனிப் பை, மருந்துப் பை, காய்ச்சல் மாத்திரை, ஓம வாட்டர், கப்பல்ல வாந்தி வந்தா மோந்து பாக்க எலுமிச்சம்பழம், கொசுவத்தி, கொசுக்களிம்பு, உப்பு சர்க்கரை பாக்கெட், ஒரு பாட்டில் கிரைப் வாட்டர். வீட்லயே சின்னக் குழந்தை எனக்கு இருபத்திரெண்டு வயசு. வந்த நாலு நாளா தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சோம், ஐஸ் தொடல, வெட்டி வச்ச பழம் தொடல, வெயில்ல தலைக்குத் துண்டு, அம்மா கடல்ல முழங்கால் வரைக்கும்தான் எறங்குச்சு, அதுவும் கடல்கிட்ட பர்மிஷன் கேட்டு. அவ்வளவும் பண்ணிட்டு, பதினோரு வருஷமா சுகர் இருக்கிற மனுஷன் வெறுங்காலோட நடக்குறதை மட்டும் யாரும் ஒண்ணும் சொல்லல, ஏன்னா அது விரதம். சுகர்காரங்களுக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்த மெத்துன்னு இருக்கிற எம்.சி.ஆர் செருப்பு, அது வீட்ல செருப்பு ஸ்டாண்டுல ரெஸ்ட் எடுக்குது. அதுக்கு எல்.டி.சி கிடையாது. முந்தாநாள் காலைல கடல் வத்தி பாறையெல்லாம் வெளிய தெரிஞ்சுச்சு. செத்த பவளப்பாறை, புதுசா கொத்தின அம்மி மாதிரி சொரசொரன்னு. நான் வாடகை ரப்பர் ஷூ போட்டுக்கிட்டு முன்னாடி போனேன், ஒரு குட்டைல நீலமா ஒரு நட்சத்திர மீன், கை நீட்டிப் படுத்துக் கிடக்கு, நான் கத்தினேன், "சாமி, இங்க வாங்க, சாமி, சீக்கிரம்." நான்தான் கத்தினேன். அவரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தாரு, குறுக்க, பாறை மேல, டொக்கு டொக்குன்னு. குனிஞ்சு பாத்தாரு. "அஞ்சு கால் சாமி அதுக்கு"ன்னாரு. அவ்வளவு சந்தோஷமா. அஞ்சு கால். கூப்பிடாம இருந்திருக்கலாம். நட்சத்திர மீனைப் பாக்காம எத்தனையோ கோடி பேரு நல்லா இருக்காங்க.

கூப்பிட்டது கூடப் பரவால்ல. அது ஆசை. அதுக்கப்புறம் பண்ணினதுதான். அன்னைக்கு சாயந்தரம் ரூமுக்குள்ள வந்தா வெள்ளை டைல்ஸ்ல வாசல்ல இருந்து கட்டில் வரைக்கும் சின்னச் சின்னதா சிவப்பு அச்சு. ஒரு கால் மட்டும். கிருஷ்ண ஜெயந்திக்கு மாவுல போடுவோமே, அது மாதிரி. நான் என்ன பண்ணியிருக்கணும்? சாமி, காலைக் காட்டுங்கன்னு சொல்லியிருக்கணும். நான் சொன்னது, "அம்மா, கண்ணன் வந்துட்டாரு, வெண்ணெயை எடுத்து வை, நொண்டிக்கிட்டே வந்திருக்காரு." அம்மா சிரிச்சுச்சு. அப்பாவும் சிரிச்சாரு, அவருக்கு வலிக்கவே இல்லையே, உள்ளங்கால் மரத்துப்போய் ரெண்டு வருஷமாச்சு, கீழ ஆணி குத்தினாலும் அவருக்குத் தபால்லதான் தகவல் போகும். இதையும் ஜோக்காத்தான் சொல்றேன் பாரு. நிறுத்தவே முடியல. சின்ன வயசுல இருந்து பயம் வந்தா எனக்கு வாய் தானா ஓடும், பேய்ப் படத்துல கூட சத்தமா கமெண்ட் அடிப்பேன், முன்சீட்டுக்காரன் திரும்பித் திட்டுவான், திட்டினா நல்லா இருக்கும், பேய் இருக்கிற இடத்துல இன்னொரு மனுஷக் குரல். அம்மா ஈரத்துணியால தரையைத் துடைச்சுச்சு, அடிபட்ட இடம் எதுன்னு கூட சரியாப் பாக்காம மஞ்சளைத் தேங்காயெண்ணெயில குழைச்சு பாதம் பூரா பூசுச்சு, அடுத்த நாள் பூரா அது பளபளன்னு கல்யாணப் பொண்ணு கால் மாதிரி இருந்துச்சு. உள்ள அது பாட்டுக்கு வேலை நடந்திருக்கு. ஒண்ணேகால் மணி. உள்ள. எல்லா இடத்துலயும் உள்ள.

இன்னைக்கு விடிகாலைல பச்சைத் தண்ணில குளிச்சுட்டு சரணம் சொல்றாரு, பல்லு தந்தியடிக்குது. சாமிக்கு அருள் வந்துருச்சுன்னு நினைச்சேன். தொட்டா கொதிக்குது. கால் வீங்கி கணுக்காலைக் காணோம். ஆஸ்பத்திரி எங்கன்னு கேக்க எனக்கு ஹிந்தி தெரியாது, தெரிஞ்ச ரெண்டு வார்த்தையும் டீக்கடைக்குத்தான் ஆகும், ரிசார்ட் தோட்டக்காரர் அப்பா காலைப் பாத்தாரு, எதுவும் கேக்கல, ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினாரு. இங்க வந்தா சிஸ்டர் தமிழ். பாக்கியம் சிஸ்டர், அப்பா அம்மா ராமநாதபுரம் பக்கம், இவங்க பொறந்தது இங்க. எனக்கு அழுகை வந்துருச்சு, தமிழைக் கேட்டு. அடுத்த வாக்கியத்துலயே நின்னுருச்சு. "எத்தனை நாளாச்சு?" "ரெண்டு நாள் சிஸ்டர்." "ரெண்டு நாளா என்ன பண்ணீங்க, காலை வச்சு போட்டோ எடுத்தீங்களா? வர்றவங்க எல்லாரும் கொசுவுக்குப் பயப்படுறீங்க, சுறாவுக்குப் பயப்படுறீங்க, கீழ கிடக்கிற கல்லுக்கு ஒருத்தராவது பயப்படுறீங்களா?" டாக்டரம்மா சின்ன வயசு. பேரு ரிஸ்வானா, மலப்புரத்துல இருந்து வந்து இங்கேயே தங்கின குடும்பமாம், மெட்ராஸ்ல படிச்சதால தமிழ் நல்லா வருது. என்னைவிட அஞ்சு வயசு கூட இருந்தா அதிகம். பஞ்சால பாதத்துக்கு அடியில தொட்டுத் தொட்டு, "தெரியுதா சாமி?"ன்னு கேட்டாங்க, அப்பா கண்ணை மூடிக்கிட்டு, "எப்போ தொடுவீங்க?"ன்னாரு. நாலு தடவை தொட்டாச்சு. சுகர் முன்னூத்தி நாப்பது. எக்ஸ்ரே எடுத்து, மரமரப்பு ஊசி போட்டுக் கீறி, சுண்டுவிரலுக்கு அடியில இருந்து அரிசி நீளத்துக்கு ஒரு பவளத்துண்டை எடுத்து டிரேயில போட்டாங்க. டிக்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. அப்புறம் சீழ் கழுவி, கட்டுப் போட்டு, டிடி ஊசி, இன்சுலின், ட்ரிப்புல ரெண்டு வகை மருந்து. அப்புறம் பேனா.

இந்தக் காலை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லைன்னு இப்போதான் தெரியுது. இருபத்திரெண்டு வருஷமா ஒரே வீட்ல நடந்த கால். கட்டைவிரல்ல நாலு முடி. நடுவிரல் நகம் கொஞ்சம் கோணல். பாதத்து மேல நடுவுல ஒரு தழும்பு, பிறை மாதிரி, எங்கயோ சைக்கிள் செயின் பிடிச்சதா இருக்கும், கேட்டதில்ல. பேனாக் கோடு அந்தத் தழும்புக்குக் கீழதான் போகுது, ஒரு அரிசி அளவு இடம் விட்டு. தழும்புக்கு இந்தப் பக்கம் ஒரு மச்சம், அதுக்கு முன்னாடி ஒரு பச்சை நரம்பு, கோடு அதைத் தாண்டித்தான் போகுது. மூணாவது செமஸ்டர்ல எந்தப் பக்கத்தையாவது இப்படிப் பாத்திருந்தா நான் இன்னேரம் கோல்டு மெடல். ஏன் எறங்குனேன்னு எல்லாரும் கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா. க்ளாஸ்ல உக்காந்தா கால் தானா ஆடும், ஒரு நாள் அந்தக் கால் எந்திரிச்சு வெளிய போச்சு, நான் அது கூடப் போனேன். அவ்வளவுதான் கதை. அதுக்கப்புறம் ஒரு இடத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்தது இன்னைக்குத்தான். கால் இல்லாம அப்பான்னு நினைச்சுப் பாக்குறேன். நினைக்கக் கூடாதுன்னு நினைக்கும்போதே அது வந்து கட்டில் பக்கத்துல நிக்குது, ஒரு ஊன்றுகோல், மடிச்சுப் பின் குத்தின பேண்ட், ஆபீஸ்ல தபால் பிரிக்கிற டேபிள்ல எல்லாரும் நின்னு வேலை பாக்க இவரு மட்டும் ஸ்டூல் போட்டு உக்காந்து, யாரோ பாவம்னு சொல்றாங்க, இவரு கேக்காத மாதிரி கவரை அடுக்குறாரு. வேண்டாம். ட்ரிப்பை எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மணி ரெண்டு அஞ்சு. அம்மா, நான் ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன், நீ பாத்துக்கோ, கோட்டைப் பாத்துக்கோ.

அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம். திரும்பி வந்தா அம்மா கண்ணை மூடி வாய்க்குள்ள ஏதோ முணுமுணுத்துக்கிட்டு நிக்குது, கையில விபூதிப் பொட்டலம், அப்பா கால் வெள்ளையா இருக்கு. "அம்மா, என்ன பண்ணின?" "பழனி விபூதிடா. அழுத்தித் தேச்சுவிட்டேன், எறங்கிரும்." அழுத்தி. தேச்சு. வேர்வை ஈரத்துல விபூதி குழைஞ்சு, கோடு நடுவுல நாலு விரல் அகலத்துக்கு அழிஞ்சு போச்சு. ரெண்டு ஓரத்துலயும் கோடு இருக்கு, நடுவுல, ஏறி வளையுற இடத்துல, இல்ல. விபூதியை விரலால விலக்கிப் பாக்குறேன், கீழ சிவப்பு. தழும்பு சிவப்பு. தழும்புக்கு மேல சிவப்பு. "கோட்டை ஏம்மா அழிச்ச?" "நான் எங்கடா கோட்டை அழிச்சேன், சாமி திருநீறு பூசினேன்." "சாமிக்கே திருநீறா?" "வாயை மூடுடா." அப்போ அப்பா கண்ணைத் திறந்தாரு. கால் பக்கம் பாக்கல, என்னைப் பாத்தாரு. "சாமி, பேனா இருக்கா?"ன்னாரு. சட்டைப் பையில இருக்கு, அட்மிஷன் சீட்டு எழுத சிஸ்டர் குடுத்தது, நீலம். "இருக்கு சாமி." "விட்ட இடத்தைச் சேத்துருங்க. கொஞ்சம் தாராளமாப் போடுங்க." சத்தமில்லாம சொன்னாரு. அம்மாவுக்குக் கூடக் கேக்கல. "போர்ட் பிளேர் போனா ஆபரேஷனுக்கு மாலையைக் கழட்டச் சொல்லுவாங்க. பதினெட்டு வருஷம் சாமி."

பேனா மூடியைக் கழட்டிட்டேன். பொய் சொல்லல, கழட்டினேன். ரெண்டு நிமிஷ வேலை. தழும்புக்கு மேல ஒரு விரல் தள்ளி ஒரு வளைவு, யாருக்குத் தெரியும், டாக்டரம்மா இதுக்கப்புறம் முப்பது பேரைப் பாத்திருப்பாங்க. ஒரு வருஷம் கழிச்சு அப்பா எங்கிட்ட ஒண்ணு கேக்குறாரு. என்னால முடியிற ஒண்ணு. வாழ்க்கையிலயே எங்கிட்ட அவரு எதிர்பாத்து நான் உடனே செஞ்சு குடுக்கக்கூடிய ஒரே விஷயம், அது ஒரு தப்பான கோடு. போட்டா சிரிப்பாரு. போட்டுட்டா சாயந்தரம் நாங்க ரூமுக்குப் போவோம், சிவப்பு முழங்கால் வரைக்கும் போகும், அடுத்த போட் நாளைக்குக் காலைல. அவரு கண்ணையே பாத்துக்கிட்டு நிக்குறேன், எனக்கு ஜோக் ஒண்ணும் வரல, தேடிப் பாக்குறேன், உள்ள காலியா இருக்கு, கரண்ட் போன தியேட்டர் மாதிரி. "மாட்டேன்"னேன். சாமி சேக்க மறந்துட்டேன். அப்பா முகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நான் வராண்டாவுக்கு ஓடினேன். "சிஸ்டர், கோடு அழிஞ்சு போச்சு." "எப்படிப்பா அழியும்?" "விபூதி." பாக்கியம் சிஸ்டர் நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. "போன மாசம் ஒருத்தர் தையல் போட்ட இடத்துல காபித்தூள் அப்பிக்கிட்டு வந்தாரு. நீங்கல்லாம் மருந்து மேல ஏன்யா இவ்வளவு சந்தேகமா இருக்கீங்க?" திட்டிக்கிட்டே டாக்டரைக் கூப்பிட ஓடுறாங்க, எனக்கு அந்தத் திட்டு குளுகுளுன்னு இருக்கு.

டாக்டரம்மா வந்தாங்க. மணி ரெண்டரை. குனிஞ்சு பாத்தாங்க, முகம் மாறல, டாக்டர்களுக்கு முகம் மாறாம இருக்கத் தனி பேப்பர் இருக்கும் போல. "கோடு எங்க போச்சுன்னு யாருக்காவது சரியாத் தெரியுமா?" அம்மா என்னைப் பாத்துச்சு. அப்பா செவுத்தைப் பாத்தாரு. "எனக்குத் தெரியும் டாக்டர். இந்தத் தழும்புக்குக் கீழ. ஒரு அரிசி விட்டு. அங்கேருந்து இந்த மச்சத்துக்கு முன்னாடி இருக்கிற நரம்பைத் தாண்டி, நேரா இந்த ஓரத்துக்கு வந்து சேரும்." "நிச்சயமா?" "ரெண்டரை மணி நேரமா வேற எதையும் பாக்கல." சொல்லும்போதே தெரியுது, நான் சொல்ற இடத்துக்கு மேல சிவப்பா இருக்கு, நான் என் வாயாலயே அப்பாவைப் போட்ல ஏத்துறேன். டாக்டரம்மா தலையாட்டினாங்க. ஈரப் பஞ்சால விபூதியை ஒத்தி ஒத்தி எடுத்தாங்க, தேய்க்காம. அப்புறம் அம்மாகிட்ட, "எவ்வளவு அழுத்தித் தேச்சீங்க?"ன்னு கேட்டாங்க. அம்மா தன் முழங்கையில தேச்சே காட்டுச்சு. கை விட்ட இடம் சிவந்துபோச்சு. டாக்டரம்மா அதையே பாத்தாங்க. "பத்து நிமிஷம் யாரும் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க, என் பக்கத்துல. ரெண்டு பேரும் பாத்தோம். சிஸ்டர் வந்து நின்னாங்க, அவங்களும் பாத்தாங்க. அம்மா தன் முழங்கையைப் பாத்துச்சு. படகுத்துறையில போட் மொத சங்கு ஊதுச்சு, ஆள் ஏறலாம்னு அர்த்தம். யாரும் அசையல. ஒரு கால், அதைச் சுத்தி நாலு பேரு, யாராவது வெளிய இருந்து பாத்தா கிரிக்கெட் மேட்ச் ஓடுதுன்னு நினைச்சிருப்பாங்க.

அம்மா கையில சிவப்பு முதல்ல போச்சு. அப்புறம் மச்சத்துக்கிட்ட. அப்புறம் தழும்புக்கு மேல லேசாச்சு, சோகை பிடிச்ச மாதிரி, அப்புறம் தோல் கலர், சாதாரண தோல் கலர், இவ்வளவு அழகான கலர் ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாருமே சொன்னதில்ல. தழும்பு வெள்ளையா தனியாத் தெரிஞ்சுச்சு. அதுக்குக் கீழ நிஜச் சிவப்பு நின்னுச்சு. அங்கேயேதான். நான் சொன்ன இடத்துக்கு உள்ள. டாக்டரம்மா கட்டைவிரலால ஓரத்தை அமுக்கி அமுக்கிப் பாத்தாங்க, டெம்ப்பரேச்சர் பாத்தாங்க, அப்பாவோட கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டாங்க, வெளுத்து, உடனே ரத்தம் ஏறுச்சு. "தாண்டல. ஜுரமும் எறங்கியிருக்கு. போட் போகட்டும். மூணு நாள் இங்கேயே படுக்கணும், நாளைக்கு ஒரு தடவை கட்டுப் பிரிச்சுப் பாக்குறேன், மாறுச்சுன்னா காலைல போற போட்ல அனுப்பிருவேன், அப்போ பேச்சே கிடையாது." அம்மா கும்பிட்டுச்சு. அப்பா செவுத்துல இருந்து திரும்பினாரு. "டாக்டர் சாமி, ஜனவரி பதினாலு மலைக்கு..." "கால் ஆறுனா போங்க. செருப்புப் போட்டுக்கிட்டு." "செருப்பா? பதினெட்டு வருஷத்துல..." பாக்கியம் சிஸ்டர் ட்ரிப்பை மாத்திக்கிட்டே, "செருப்பு வேண்டாம்னு சொல்றதுக்கும் கால் வேணும்ல சாமி"ன்னாங்க. டாக்டரம்மா எழுந்து என் கையில இருந்த பேனாவைக் காட்டி, "விட்டுப் போனதை நீயே போட்டுரு. நீ பாத்த மாதிரி யாரும் பாக்கல. ஆறு மணிக்கு வந்து கேப்பேன்"னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க, அங்க ஒரு வெள்ளைக்காரன் முதுகு பூரா வெயில்ல வெந்து நண்டு மாதிரி உக்காந்திருக்கான். நான் முட்டி போட்டேன். இடது கையால பாதத்தை அடியில தாங்கிப் பிடிச்சேன், கனமா இருந்துச்சு, ஒரு பாதம் இவ்வளவு கனம் இருக்கும்னு தெரியாது. சுண்டுவிரல் பக்கக் கோட்டு முனையில பேனாவை வச்சு, மெதுவா, மூச்சை அடக்கிக்கிட்டு, நரம்பைத் தாண்டி, தழும்புக்குக் கீழ, ஒரு அரிசி விட்டு. விரல் அஞ்சும் திடீர்னு சுருண்டுச்சு. கால் என் கைக்குள்ள துள்ளுச்சு. "டேய், டேய் லோகு, கூசுதுடா." "ஆடாதீங்கப்பா." "கூசுதுடா, எடுடா." எடுக்கல. அவரு சிரிப்பை அடக்கப் பாக்குறாரு, கட்டில் ஆடுது, கட்டிலோட என் கையும் ஆடுது, கோடு அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் வளைஞ்சு போச்சு.